துருப்பிடித்த எக்ஸாஸ்ட் போல்ட்: பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எந்த அறிகுறிக்கு என்ன வழி

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன், போல்ட்டின் மறுமுனை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். வழி முழுக்க அதைப் பொறுத்தது. பைப்பும் பைப்பும் சேரும் ஃபிளேஞ்சில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நட் போட்ட போல்ட் என்றால் அதைக் காப்பாற்ற ஒரு காரணமும் இல்லை. வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடலாம். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்குள் (எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுதி) மரை ஏறிய ஸ்டட் (தலையில்லாத, இரு முனையிலும் மரை உள்ள தண்டு) என்றால் சூட்டைத் தாராளமாகக் கொடுக்கலாம். அலுமினிய சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்கும் ஸ்டட்தான் கண்டம். அங்கே முறிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். மூன்றையும் ஒரே மாதிரி நடத்தும்போதுதான் அரை நாள் வேலை இரண்டு வாரமாக நீள்கிறது.

இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே அந்தப் பருமனுக்கு இடமே கிடையாது. அதனால் துரு, ஆப்பு அடித்தது போல மரைக்குள் இறுகிக்கொள்கிறது. துத்தநாகப் பூச்சு காப்பாற்றும் என்றும் எதிர்பார்க்க முடியாது. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், மேனிஃபோல்டோ கடும் ஓட்டத்தில் அதைத் தாண்டிப் போகும். முப்பது நாற்பது வருடம் சூடாகிக் குளிர்ந்து, மழைநீரும் குடித்த போல்ட் தன் பழைய பலத்தில் இருக்காது. மரை தேய்ந்து, தண்டும் மெலிந்திருக்கும்.

தொடங்கும் முன்

வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்திக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்டு வேண்டும். கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் ஃபிளேஞ்சுக்கு நேர் கீழேதான் முகம் இருக்கும், உதிரும் துரு முழுவதும் கண்ணுக்குத்தான் வரும். பெட்ரோல் பைப், பிரேக் ஹோஸ், ஒயர், அடிப்பூச்சுத் தார் எல்லாம் தீச்சுடரிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கின்றன என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பல ஃபைபர்கிளாஸ் உடல் கொண்டவை. அது தீப்பிடித்தால் அணைப்பது கடினம். 1960, 70களின் சில காற்றுக் குளிர் எஞ்சின்களில், போர்ஷே 911-இன் 1968 முதல் 1977 வரையிலான பலவற்றில், கிரேங்க்கேஸே மெக்னீசியக் கலவை. எரியும் மெக்னீசியத்தில் தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் மூளும். அந்த எஞ்சின் பக்கம் கேஸ் சுடர் கொண்டுபோவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் அறியாமலே செய்கிறார்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங்கோ சுடரோ காட்டக்கூடாது. வெளிவரும் ஆவியில் ஃபாஸ்ஜீன் இருக்கும், அது நச்சு வாயு. துடைக்க வேண்டுமானால் குளோரின் இல்லாத வகையை எடுங்கள், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகே சூடு.

கம்பி பிரஷ்ஷால் ஸ்டட்டின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைச் சுத்தம் செய்வது முதல் வேலை. சிறியதாகத் தெரியும், ஆனால் நட் வெளியே வர வேண்டிய பாதை அதுதான். அங்கே மண்ணும் துருவும் அப்பியிருந்தால், முதல் சுற்றில் கழன்ற நட் மூன்றாம் சுற்றில் சிக்கிக்கொள்ளும்.

பிறகு துளைத்து இறங்கும் எண்ணெய். கடையில் கிடைக்கும் பெனிட்ரேட்டிங் ஆயில் எதுவும் சரி. அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் சம அளவில் கலந்த கலவையும் நன்றாக வேலை செய்யும். கலந்த பிறகு பிரிந்துபோகும், அதனால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எதை விட்டாலும் ஒருநாள் இரவு முழுக்க ஊற வேண்டும், இடையில் நாலைந்து முறை திரும்பவும் விட வேண்டும். ஒவ்வொரு முறையும் போல்ட் தலையிலோ நட்டின் பக்கவாட்டிலோ சுத்தியலால் பத்து இருபது தட்டு தட்டுங்கள். துருவில் விழும் நுண்விரிசல் வழியாகத்தான் எண்ணெய் உள்ளே போகிறது. வெறுமனே ஊறப்போட்டால் பாதிக்கு மேல் வெளியிலேயே நின்றுவிடும்.

சாக்கெட் சரியாக உட்காரவில்லை, ஆடுகிறது

இது இன்னும் பழுது அல்ல, வரப்போகும் பழுது. எம்8 (8 மி.மீ. விட்ட மரை) நட்டுக்குச் சாக்கெட் அளவு ஐரோப்பிய வண்டிகளில் 13 மி.மீ., ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 12 மி.மீ. எம்10-க்கு பழைய ஜெர்மன் அளவில் 17, ஜப்பானில் 14, புதிய சர்வதேச அளவில் 16. பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டரில் யூஎன்எஃப் என்ற அங்குல மரையோடு அரை அங்குல நட் இருக்கும், அதாவது 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. சாக்கெட் "கிட்டத்தட்ட" பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் முனையை மழுக்கும். எம்ஜி டிசி, டிடி வகைகளின் எக்ஸ்பேக் எஞ்சினில் இன்னும் குழப்பம்: மரை மெட்ரிக், நட்டின் தலை மட்டும் விட்வர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. அங்கே மெட்ரிக் ஸ்பேனரும் சேராது, சாதாரண அங்குல ஸ்பேனரும் சேராது.

துரு உதிர்ந்து இளைத்த 13 மி.மீ. நட்டில் அரை அங்குல சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றலாம். 0.3 மி.மீ. வித்தியாசம் நமக்குச் சாதகமாகிவிடும். எப்போதும் ஆறு முனை சாக்கெட்டே எடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலையை மட்டும் பிடிக்கும், ஆறு முனை பக்கவாட்டைப் பிடிக்கும். சாக்கெட்டின் வாயில் உள்ள சரிவு மெல்லிய நட்டில் பிடியைக் குறைத்துவிடும்; முகத்தைக் கிரைண்டரில் தட்டையாகத் தேய்த்துவிட்டால் முழு உயரமும் பிடிக்கும்.

முனை எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் நட் அசையவே இல்லை

நீளக் குழாயை மாட்டித் தொங்கத் தோன்றும். வேண்டாம். 8.8 என்ற வலிமைத் தரத்து எம்8 போல்ட் வழக்கமாக 25 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கப்படுவது. புதிதாக இருக்கும்போதே அதன் இரண்டு மடங்கை எட்டும் முன் முறியலாம். துருத் தின்றதற்குக் கணக்கே இல்லை. அரை மீட்டர் கம்பியில் 10 கிலோ பாரம் கொடுத்தாலே ஏறக்குறைய 50 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். ஆக, பலத்துக்கு இங்கே பஞ்சமில்லை. வேண்டியது அதிர்ச்சியும் சூடும்.

முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சின்ன இழுப்பு. ஒட்டிக்கொண்ட துரு எந்தப் பக்கம் உடைந்தாலும் நமக்கு லாபம்தான். பிறகு கழற்றும் பக்கம். இம்பாக்ட் ரெஞ்ச் (தட்டித் தட்டித் திருகும் கருவி) இருந்தால் மிகக் குறைந்த நிலையில் வைத்து, ஒரே மூச்சில் இழுக்காமல் இரண்டு மூன்று நொடித் துண்டுகளாக இரு பக்கமும் தட்டவிடுங்கள். பெரிய ரெஞ்சை முழு வேகத்தில் எம்8-இல் வைப்பது சுத்தியலால் கொசு அடிப்பது போல.

அசையவில்லை என்றால் சூடு. சுட வேண்டியது நட்டை, ஸ்டட்டை அல்ல. நட் விரிந்தால் மரை இடைவெளி திறக்கும், ஸ்டட்டும் சேர்ந்து விரிந்தால் பயன் பாதிதான். அதனால் சின்ன சுடரை நட்டின் பக்கங்களில் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். நிழலில் பார்த்தால் மங்கிய சிவப்பு தெரியும் அளவு, அதாவது 600 முதல் 650 டிகிரி வரை, போதும். அந்தச் சிவப்பிலேயே திருகினால் நட் மெத்தென்று இருக்கும், முனை மழுங்கிவிடும். சிவப்பு மறையும் வரை விட்டு, பிறகு முயலுங்கள்.

இண்டக்ஷன் ஹீட்டர் (மின்காந்தத்தால் சூடாக்கும் கருவி) கிடைத்தால் அதைவிடச் சிறந்த கருவி இந்த வேலைக்கு இல்லை. சுருளை நட்டின் மேல் மாட்டிவிட்டால் எம்8 நட் அரை நிமிடத்துக்குள் சிவந்துவிடும், பக்கத்து பெட்ரோல் பைப்புக்குச் சுடரே போகாது. பழைய பூச்சுப் போல்ட்டுகளில் துத்தநாகமும் காட்மியமும் இருக்கும், இரண்டின் புகையும் கெடுதல், காட்மியம் மிகவும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், புகையில் முகத்தை வைக்காதீர்கள்.

சூட்டோடு மெழுகு என்ற பழைய உத்தி வேடிக்கையாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும். சிவப்பு மறைந்து, மெழுகை வைத்தால் உருகிப் புகையுமே தவிர எரியாத நிலைக்கு நட் ஆறட்டும். அப்போது மெழுகுத்திரியை மரை விளிம்பில் தேயுங்கள். உருகிய மெழுகு தண்ணீர் போல மரைக்குள் இழுபடும். எண்ணெய் அந்தச் சூட்டில் எரிந்து கரியாகிவிடும், மெழுகு வழுவழுப்பாக நிற்கும். இப்படி இரண்டு மூன்று முறை சூடாக்கி ஆறவிட்டால் கழலாத நட் குறைவு.

அலுமினிய ஹெட்டில் மட்டும் இந்தக் கணக்கு மாறுகிறது. அலுமினியம் சிவக்காது, நிறம் மாறாமலே 600 டிகிரிக்கு முன்னமே பல வார்ப்புக் கலவைகள் இளகி உருகத் தொடங்கும். எனவே சுடரை நட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஹெட்டின் மேல் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ஸ்டட்டையே ஹெட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் எஞ்சினை இயல்புச் சூட்டுக்கு ஓட்டி நிறுத்திவிட்டு முயலலாம். எஃகைவிட அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். எம்8 துளையில் 100 டிகிரி உயர்வுக்குக் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவுதான், இருந்தாலும் ஒட்டுதலை விடுவிக்க அது போதும். கையுறை போடுங்கள், மேனிஃபோல்ட் சுட்டால் தழும்பு நிற்கும்.

கால் சுற்று வந்தது, பிறகு இறுகிவிட்டது

நல்ல அறிகுறி, ஆனால் பெரும்பாலான போல்ட்டுகள் முறிவது இங்கேதான். கழன்றுவிட்டது என்ற சந்தோஷத்தில் தொடர்ந்து இழுக்கிறோம். உதிர்ந்த துருத்தூள் மரைக்குள் உருண்டு ஆப்பாகிறது. இறுகிய உடனே நிறுத்தி, வந்த வழியே முழுக்க உள்ளே திருப்புங்கள். எண்ணெய் விடுங்கள். மறுபடி வெளியே, முன்பு நின்ற இடத்தைவிட ஒரு சிறு துளி அதிகமாக. மறுபடி உள்ளே. ஒரு நட்டுக்குப் பதினைந்து நிமிடம் ஆகலாம். எண்ணெய் செம்மண் நிறத்தில் வழிந்தால் துரு வெளியேறுகிறது என்று பொருள், அது தெளியும் வரை விட்டுவிட்டுத் துடையுங்கள்.

காதையும் பழக்கிக்கொள்ளுங்கள். "க்ரீக்" என்று கூரிய சத்தத்தோடு அசைந்தால் மரை விடுகிறது.

சத்தமே இல்லாமல் ரப்பர் போல நெளிகிறது

ராட்செட் கைப்பிடி நகர்கிறது, எதிர்ப்பு கூடவும் இல்லை குறையவும் இல்லை, விட்டால் லேசாகப் பின்வாங்குகிறது. நட் கழலவில்லை, ஸ்டட்டின் தண்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் கால் சுற்றில் கையோடு வந்துவிடும். உடனே விடுங்கள். ஸ்டட் முனையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு மீண்டும் லேசாக முயன்றால் தெரிந்துவிடும்: நட் நகர்ந்து கோடு நகராவிட்டால் நட்தான் கழல்கிறது. கோடும் சேர்ந்து நகர்ந்தால் ஸ்டட் ஹெட்டிலிருந்து வருகிறது, அல்லது முறுக்குகிறது. எதிர்ப்பு மெத்தென்று இருந்தால் முறுக்குதான்.

இந்த நிலைக்கு வந்த நட்டைத் திருகிக் கழற்ற நினைக்காமல் வெட்டிவிடுவது புத்திசாலித்தனம். ஸ்டட்டுக்கு இணையாக, நட்டின் ஒரு பக்கத்தில், மரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு வரை மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் கோடு இழுங்கள். அந்த வெட்டில் உளியை வைத்து ஓங்கி ஒரு அடி. நட் வாய் பிளந்து பிடி விடும். இடம் இருந்தால் நட் ஸ்பிளிட்டர், இடம் இல்லாவிட்டால் சின்ன ரோட்டரி கருவி. ஸ்டட் முழுசாக நிற்கும், அதை ஆற அமர எடுக்கலாம்.

முனை மழுங்கிவிட்டது

வரிசையாக: சிறிய சாக்கெட்டை அடித்து ஏற்றுவது, உள்ளே சுருள் பல் வெட்டிய எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட், அதுவும் நழுவினால் மேலே ஒரு புது நட்டை வைத்து வெல்டிங். எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் நட்டைக் கடித்துத் தின்னும், அதனால் ஒரே ஒரு வாய்ப்புதான் என்று நினைத்து, சூடும் எண்ணெயும் முடித்த பிறகே அதை ஏற்றுங்கள். போர்ஷே 911-இன் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (எக்ஸாஸ்ட் சூட்டை வண்டிக்குள் அனுப்பும் பகுதி) சில இடங்களில் உள்பக்கம் அறுகோணக் குழி கொண்ட பீப்பாய் நட் இருக்கும். ஆறு சிலிண்டருக்கு இரண்டிரண்டாகப் பன்னிரண்டு ஸ்டட், அதில் சில இப்படி. குழிக்குள் துரு நிறைந்திருந்தால் அறுகோணச் சாவி பாதி ஆழம்தான் போகும், திருகியவுடன் குழி வட்டமாகிவிடும். முதலில் கூர்மையான கம்பியால் குழியின் அடிவரை சுரண்டி எடுத்து, சாவியைச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள்.

நட்டோடு ஸ்டட்டும் வந்துவிட்டது

பயப்பட வேண்டாம், இது பரிசு. பழைய ஸ்டட்டை மீண்டும் போடப்போவதில்லை. துளையைப் பாருங்கள்: அலுமினியத் துகள் மரையோடு ஒட்டி வந்திருந்தால் துளையின் மரை சேதம், கீழே வரும் "மரை போய்விட்டது" பகுதிக்குப் போங்கள். துளையிலிருந்து கூலண்ட் கசிந்தால் அந்த ஸ்டட் துளை எஞ்சினின் குளிர்நீர்ப் பாதை வரை திறந்தது. சில எஞ்சின்களில் அப்படித்தான் வார்ப்பு. புது ஸ்டட்டில் சூடு தாங்கும் மரை சீலண்ட் தடவித்தான் போட வேண்டும்.

போல்ட் சுற்றுகிறது, கழலவில்லை

ஃபிளேஞ்சில் அடித்து ஏற்றிய ஸ்டட்டின் பல் தேய்ந்து இடத்திலேயே சுழலும், அல்லது பின்னால் வெல்டிங் செய்த நட் விட்டுப்போயிருக்கும். பின்பக்கத்தை வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் இடுக்கி) பிடிக்க முடிந்தால் பிடியுங்கள். இல்லாவிட்டால் நேரம் கடத்தாமல் வெட்டுங்கள். ஸ்பிரிங் போல்ட் வைத்த டவுன்பைப்பில் (மேனிஃபோல்டிலிருந்து கீழிறங்கும் பைப்) மட்டும் வெட்டும் முன் ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். புது ஸ்பிரிங் நீளம் தவறினால் மூட்டு கசியும் அல்லது அசையவே அசையாது.

முறிந்துவிட்டது, வெளியே துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது

முதல் ஆசை வைஸ் கிரிப். 10 மி.மீ.க்கு மேல் நீட்டி, துரு குறைவாக இருந்தால் சரி. இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கித் திருகும் வழி மரை நல்லதாக இருந்தால்தான் நிற்கும், முறிந்த ஸ்டட்டில் அது அபூர்வம். ரோலர் வகை ஸ்டட் எக்ஸ்ட்ராக்டர் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும், நசுக்காது. ஆனாலும் ஸ்டட்டை முறித்த அதே துரு உள்மரையிலும் உண்டு. அதனால் நேரடியாக வெல்டிங்குக்குப் போவது பல சமயம் குறுக்கு வழி அல்ல, நேர் வழி.

பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். துண்டின் மேல் எம்8 நட்டை, அல்லது ஒரு அளவு பெரிய எம்10 நட்டை வைத்து, மிக் வெல்டரால் (கம்பி ஊட்டும் மின் வெல்டர்) நட்டின் துளைக்குள், ஸ்டட்டின் நடுவிலிருந்து தொடங்கி வெளியே வரும்படி நிரப்புங்கள். நட்டின் விளிம்பில் தொடங்கினால் வெல்டிங் நட்டோடு மட்டும் பிடித்து ஸ்டட்டை விட்டுவிடும். இந்த வழியின் உண்மையான பலம் நட்டின் பிடி அல்ல, சூடு. ஸ்டட்டின் நடுவே பாயும் சூட்டில் அது விரிய முயன்று, இடமில்லாமல் நசுங்கி, ஆறும்போது சுருங்கித் துருவை உடைக்கிறது. அதனால் சிவப்பு போய்க் கறுத்து, இன்னும் ஒரு நிமிடம் ஆறிய பிறகுதான் ஸ்பேனர். முன்னும் பின்னும் சின்ன அசைவு. நட் மட்டும் பிய்ந்து வந்தால் இன்னொன்று வைத்து மறுபடி. மூன்று நான்கு முறை ஆவது சாதாரணம், ஒவ்வொரு முறையும் சூடு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

முகத்தோடு சமமாக, அல்லது உள்ளே போய் முறிந்திருக்கிறது

அலுமினிய ஹெட் என்றால் ஒரு சலுகை உண்டு: எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. 3, 4 மி.மீ. ஆழம் வரை உள்ளே இருந்தாலும் மிக் வெல்டரால் சொட்டுச் சொட்டாக ஸ்டட்டின் மேல் குவித்து மேலே கொண்டுவந்து, ஒரு வாஷரை வைத்து ஒட்டி, வாஷர் மேல் நட்டை ஒட்டித் திருகலாம். வார்ப்பிரும்பு ஹெட்டில் இது ஆபத்து, துளையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

வெல்டிங் வாய்ப்பில்லை என்றால் டிரில். இங்கே எல்லாம் மையத்தில்தான் இருக்கிறது. முறிந்த முகம் மேடுபள்ளமாக இருக்கும். அரத்தாலோ சின்ன கிரைண்டிங் கல்லாலோ முதலில் தட்டையாக்குங்கள். இல்லையென்றால் பிட் சரிவில் இறங்கி மென்மையான அலுமினியத்துக்குள் போய்விடும், எஃகுத் துண்டு பக்கத்தில் பத்திரமாக நிற்கும். மேனிஃபோல்டை, அல்லது அதன் துளைகளை அச்செடுத்த தடித்த இரும்புத் தகட்டை மற்ற ஸ்டட்டுகளில் மாட்டி, முறிந்த இடத்தின் துளையில் பொருந்தும் ஒரு குழல் புஷ்ஷைச் செருகி, அதன் வழியே பிட்டை இறக்குவது கண்ணளவில் குத்துவதைவிடப் பல மடங்கு நம்பகம். வண்டிக்கு அடியில் நேராகப் பிடிக்க முடியாது என்பதால் இந்த வழிகாட்டி இல்லாமல் தொடங்காதீர்கள்.

எம்8 ஸ்டட்டுக்கு 3 மி.மீ. முதல் துளை, பிறகு 5. இடக்கை பிட் கிடைத்தால் அதையே எடுங்கள். துளையிடும்போதே கழற்றும் பக்கம் இழுப்பதால், 5 மி.மீ. எட்டும்போது சில ஸ்டட்டுகள் பிட்டோடு சுற்றி வெளியே வந்துவிடும். வராவிட்டால் 6.5 வரை போங்கள், மீதி ஒரு மெல்லிய தோல்தான். கூரான பஞ்சால் ஒரு ஓரத்தை உள்ளே மடக்கினால் சுருள் போலக் கழன்று வரும். பிறகு எம்8 டேப்பை (மரை வெட்டும் கருவி) எண்ணெயோடு மெதுவாக இறக்கி மரையைச் சுத்தம் செய்யுங்கள். எம்8-க்குப் புது மரை வெட்டும் துளை அளவு 6.8 மி.மீ., எனவே 6.5-ஐத் தாண்டும்போது ஒவ்வொரு பிட்டும் உங்கள் மையம் எத்தனை சரி என்று சோதிக்கும்.

முறிந்த துண்டில் துளையிட்டு அதற்குள் திருகி இழுக்கும் "ஈசி அவுட்" என்ற சுருள் எக்ஸ்ட்ராக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. துருவால் இறுகிய எம்8 ஸ்டட்டில் அதைப் பயன்படுத்தாதீர்கள். நட்டையே அசைக்க முடியாமல் முறிந்த தண்டை, அதைவிட மெல்லிய ஒரு எக்ஸ்ட்ராக்டர் எப்படித் திருகும்? சுருள் வகை உள்ளிருந்து ஸ்டட்டை விரித்து மரையோடு இன்னும் அழுத்தவும் செய்கிறது.

எக்ஸ்ட்ராக்டரோ டேப்போ உள்ளே முறிந்துவிட்டது

சாதாரண பிட் அதன் மேல் வழுக்கும், ஏனென்றால் இரண்டும் கடினப்படுத்திய எஃகு. ஒன்று, கார்பைடு பர்ரால் (சுழலும் சிறு அரம்) மிக மெதுவாகத் தேய்த்து எடுப்பது. இல்லையென்றால் மின்பொறியால் எஃகை அரிக்கும் ஸ்பார்க் ஈரோஷன் இயந்திரம் உள்ள பட்டறைக்கு ஹெட்டைக் கொண்டுபோவது. ஹெட் ஏற்கெனவே வெளியே இருந்தால் கடிகாரக்காரர்களின் உத்தி ஒன்று உண்டு: படிகாரத்தைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துச் சூடாக வைத்திருந்தால் அது எஃகைத் தின்னும், அலுமினியத்தைப் பெரிதாகத் தொடாது. நாள்கணக்கில் ஆகும், கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வால்வ் சீட், கைடு எல்லாம் இரும்பு என்பதால் கரைசல் அந்தத் துளையைத் தவிர வேறெங்கும் படக்கூடாது.

மரை போய்விட்டது

எம்8 ஹெலிகாயிலுக்கு (கெட்ட மரைக்குப் பதிலாக உள்ளே இறக்கும் கம்பிச் சுருள்) 8.3 மி.மீ. துளை, அதற்குரிய தனி டேப், பிறகு சுருள். சுருளின் மேல்முனை முகத்துக்குக் கீழே அரைச் சுற்றாவது இறங்கியிருக்க வேண்டும், நுனியில் உள்ள குறுக்குக் கம்பியை உடைத்து எடுத்துவிட வேண்டும். துளை ஏற்கெனவே ஒருபக்கம் கோணியிருந்தால் சுருள் நிற்காது. தடித்த சுவருள்ள புஷ் வகை இன்செர்ட்டுக்குப் போங்கள்.

ஆக்சிஜன் சென்சர் வரமாட்டேன் என்கிறது

எக்ஸாஸ்ட் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் இந்தச் சென்சர் பெரும்பாலும் 1980கள் முதலான வண்டிகளில் இருக்கும். மரை எம்18, பிட்ச் 1.5, ஸ்பேனர் 22 மி.மீ. எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி பைப் சூடாக இருக்கும்போது எடுங்கள். எப்படியும் மாற்றப்போகும் சென்சர் என்றால் ஒயரை வெட்டிவிட்டு நீள ஆறு முனை சாக்கெட் போடுங்கள், பக்கம் வெட்டிய சாக்கெட் வாய் விரிந்துகொண்டு முனையை மழுக்கும்.

மறுபடி மாட்டும்போது

ஓரத்து ஸ்டட்டுகளே முறிந்திருந்தால் அது தற்செயல் அல்ல. 40 செ.மீ. நீள வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் 500 டிகிரி உயர்வில் 2 மி.மீ.க்கு மேல் நீளும். 80 டிகிரி மட்டுமே ஏறிய அலுமினிய ஹெட் அதே நீளத்தில் 0.7 மி.மீ.தான் நீளும். வித்தியாசம் முழுவதையும் ஓரத்து ஸ்டட்டுகள் தாங்குகின்றன. டாட்சன் 240இசட் போன்ற வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் கடைசி ஸ்டட் முறிவது இதனால்தான் வாடிக்கை. மேனிஃபோல்டின் ஓரத் துளைகள் சற்று அகலமாக இருக்க வேண்டும், அதில் அடைந்த கரியையும் துருவையும் சுரண்டி எடுங்கள். முகத்தில் நேர்ப்பட்டையை வைத்துப் பாருங்கள். வளைந்த மேனிஃபோல்டைப் புது ஸ்டட்டால் இழுத்து நேராக்கினால் அந்த ஸ்டட்டும் அதே வழியில் போகும்.

எல்லா ஸ்டட்டும் நட்டும் புதிது. நட் செம்புப் பூச்சு எஃகு அல்லது பித்தளை. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களில் பித்தளை நட் போட்டதற்குக் காரணம், அது ஸ்டட்டோடு துருவால் சேராது என்பதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லெஸ் நட் போடாதீர்கள், இரண்டும் உரசி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், துருவைவிட மோசமாக. ஸ்டட்டை ஹெட்டில் விரலால் இறக்கி, அடி தட்டியதும் நிறுத்துங்கள். மேலே இறுக்கினால் அலுமினியத்தின் அடிமரைதான் கிழியும்.

மரையில் நிக்கல் வகை ஆன்ட்டி சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பசை) மெல்லியதாகத் தடவுங்கள். அலுமினியத்தில் செம்பு வகையைவிட நிக்கல் பொருத்தம், சூடும் அதிகம் தாங்கும். சென்சரின் நுனியில் எதுவும் படக்கூடாது. புத்தகத்தில் உள்ள இறுக்க அளவு உலர்ந்த மரைக்கானது என்றால், தடவிய மரைக்கு 20 முதல் 25 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்றாக. முதல் ஓட்டம் முடிந்து முழுக்கக் குளிர்ந்த பிறகு மறுபடி ஒருமுறை அளவு பாருங்கள். புது கேஸ்கட் முதல் சூட்டிலேயே படிந்து நட் லேசாக விட்டிருக்கும்.